வாசல் தாண்டிய பாட்டில்

அந்தப் பையை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. சாய்ந்துவிடாதீர்கள், உள்ளே கண்ணாடி இருக்கிறது. இல்லை இல்லை, ஊறுகாய் இல்லை. விளக்கு. பாட்டிலில் செய்த விளக்கு. ஒயர் கிடையாது. சார்ஜ் போட்டு வைத்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். நானேதான் செய்தேன்.

என்ன பாட்டில் என்றா கேட்டீர்கள்? அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். அதுதான் என் பிரச்சினையே. சரி, சொல்கிறேன். நீங்களும் கடலூர்தானே? செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஏறிப் பையைத் திறக்கச் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் ஆரம்பம் நான் கண்ணால் பார்த்தது இல்லை. காதால் கேட்டது. ஆக்னஸ் சொன்னாள். ஆக்னஸ் என் ரூம்மேட், பாண்டிச்சேரிப் பெண். அவளும் பார்க்கவில்லை, அவளுக்கு அவள் பெரியம்மா பையன் சொன்னானாம். அவர்கள் பெரியப்பாவுக்கு பிரான்ஸ் பென்ஷன். அவர் போன பிறகு வீட்டை ஒழித்தபோது பரணிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. அடர் நீலக் கண்ணாடி. உடம்பு முழுக்கத் திராட்சைக் கொடி, இலை, குலை, எல்லாம் கண்ணாடியிலேயே புடைத்துக்கொண்டு நிற்கும். "பெரியப்பா பிராந்தி குடிச்ச பாட்டிலாம்டி. அழகா இருக்குல்ல, வச்சிக்க" என்று என்னிடம் கொடுத்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். லேபிள் இல்லை. நான் பார்க்காமல் இருப்பேனா? என் வேலையே அதுதான்.

ஆமாம், சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனி. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு அங்கே லேபிள் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். பாட்டில் ஓடிக்கொண்டே வரும். பெயர், பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம். தப்பாக ஒன்று போனால் ஒரு பெட்டியே திரும்பி வரும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் நான் தப்பு செய்தால் அது என்னோடு போகாது. "படிக்க வச்சாங்களே, பாத்தியா" என்று ஊரே சொல்லும். என் அக்கா தமயந்தி என்னை லேபிள் என்றுதான் கூப்பிடுவாள். "எங்க லேபிளுக்கு சாம்பார்ப் பொடி பாக்கெட்ல தேதி பாத்தாத்தான் பசியே எடுக்கும்" என்பாள். பெயர் மங்கையர்க்கரசி. அரசி என்றால் போதும்.

அக்காவுக்காகத்தான் அந்த விளக்கைச் செய்தேன். அவளுடைய மாமனார் புது வீடு கட்டினார், கடலூருக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து சீர் வைக்க வேண்டும் அல்லவா? குத்துவிளக்கு, குடம், தாம்பாளம் எல்லாம் அப்பா வாங்கிவிட்டார். நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வருகிற முதல் விசேஷம். என் கையால் ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. அந்த வீட்டின் பின்கட்டில் அப்போது லைட் போட்டிருக்கவில்லை. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டென்றால் பயம். அதுதான் யோசனை.

பாட்டிலைச் சுத்தம் செய்யவே பெரும்பாடு. சோப்புத் தண்ணீரும் கைப்பிடி அரிசியும் போட்டுக் குலுக்கினேன். அரிசிதான் மூலையில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்கும். வெயிலில் கவிழ்த்து வைத்தேன். மெல்லிய செப்புக் கம்பியில் குட்டிக் குட்டி பல்பு கோத்து விற்கிறார்களே, அதை ஈர்க்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினேன். மறுநாள் பார்த்தால் உள்ளே ஆவி பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி காயவைத்து, மாத்திரை டப்பாவுக்குள் ஈரம் இழுக்க ஒரு குட்டிப் பை போடுவார்களே, அதில் ஒன்றை அடியில் போட்டேன். கம்பெனியில் கேட்டுத்தான் எடுத்தேன். கேட்டேன், சூப்பர்வைசர் சிரித்தார், எடுத்தேன். மூடிக்குப் பதில் மரத்தில் குடைந்த தக்கை. அதற்குள் பழைய பவர் பேங்க்கின் பேட்டரி, சார்ஜ் போடுகிற ஓட்டை, ஸ்விட்ச். பற்றவைத்துக் கொடுத்தது செல்போன் ரிப்பேர் கடைக்காரர். பேட்டரி சூடாகுமோ என்று பயம் எனக்கு. ஒரு வாளியில் மணல் நிரப்பி, அதில் விளக்கை நிறுத்தி, நாள் முழுக்க எரியவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆக்னஸ் வந்து பார்த்துவிட்டு, "அடைகாக்கறியா?" என்று கேட்டாள்.

எல்லாம் யோசித்தேன் அக்கா. பேட்டரியை யோசித்தேன், ஈரத்தை யோசித்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அக்காவின் மாமனார் யார் என்பதை.

வைத்திலிங்கம் மாமா. கேள்விப்பட்டிருப்பீர்களே? கூட்டுறவு சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடை இருந்ததே, அதை எதிர்த்துப் பந்தல் போட்டு உட்கார்ந்து எடுக்க வைத்தவர். நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் போட்டோ வந்தது. இன்றைக்கும் அவர் தெருவில் நடந்தால் பீடி பிடிக்கிறவன்கூட கையைப் பின்னால் மறைத்துக்கொள்வான்.

எங்கள் அப்பா அப்படி இல்லை. மறைக்க என்ன இருக்கிறது, எங்கள் அப்பா குடித்தவர்தான். கரும்பு லோடு ஏற்றுகிற வேலை. உடம்பு வலி என்று ஆரம்பித்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது மாமா காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "பொண்ணு தங்கமா இருக்கு. எங்களுக்குப் பூரண சம்மதம். ஆனா தண்ணி போடற வீட்ல நான் சம்பந்தம் வச்சிக்கிறதில்ல, தனகோட்டி."

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அப்பாதான் எழுந்து உள்ளே போய் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தார். மாமா முன்னால் வைத்தார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "இனிமே தொட மாட்டேங்க. என் பொண்ணு மேல சத்தியம்." கை வெந்துபோயிற்று. கல்யாணப் பந்தலில் மருமகனுக்கு மாலை எடுத்துக் கொடுத்தபோதும் அந்தக் கையில் கட்டு இருந்தது. அன்றையிலிருந்து இன்றுவரை ஒரு சொட்டு கிடையாது. நான் பாட்டிலைப் பார்ப்பதுபோல அவரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், எனக்குத் தெரியும். ஆனால் ஊருக்குத் தெரியுமா? அக்காவின் புகுந்த வீட்டில் யாராவது ஒரு வார்த்தை "குடிகாரன் மக" என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே அப்பா அந்த வீட்டுக்குப் போனால் மோர் கொடுத்தால்கூட எல்லோரும் பார்க்கிற மாதிரி நடுக்கூடத்தில் நின்று குடிப்பார்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் பிராந்தி பாட்டிலைச் சீர்த் தட்டில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறேன். என்ன சொல்ல!

அரியாங்குப்பத்தில் ஏறினீர்கள் இல்லையா, தவளக்குப்பம் தாண்டிவிட்டது. சீக்கிரம் சொல்கிறேன்.

ஆவணி மாதம், விடியற்காலை முகூர்த்தம். வீட்டு மருமகள் கையில் காமாட்சி விளக்கை ஏற்றிக்கொண்டு முதலில் வாசல் தாண்ட வேண்டும். விளக்கு அணையாமல் உள்ளே போக வேண்டும். அக்கா முந்தானையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். நிலைவாசலுக்கு வந்தாள். வலது காலைத் தூக்கினாள். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் காற்று, பந்தலே ஒரு குலுக்குக் குலுங்கியது. விளக்கு அணைந்துவிட்டது.

நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். அக்கா தூக்கிய காலைக் கீழே வைக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. பின்னால் ஒரு அம்மா, "அடடா, வாசல்லயே..." என்று ஆரம்பித்தார். வத்திப்பெட்டி தேடுகிறார்கள், கிழிக்கிறார்கள், காற்று விடமாட்டேன் என்கிறது. எங்கள் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாமாதான் சீர்த் தட்டுப் பக்கம் திரும்பினார். என் விளக்கை எடுத்தார். வந்தவுடனே அவருக்கு ஸ்விட்சைக் காட்டியிருந்தேன். தட்டினார். நீல வெளிச்சம் பொங்கிக்கொண்டு வந்தது.

"காத்து இத என்ன பண்ணுது பாப்போம். ஜோதிதானே, இது ஜோதி இல்லையா? புடிம்மா தமயந்தி. உள்ள வை கால."

ஐயரும் தலையாட்டினார். அக்கா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் திராட்சைக் கொடி ஒவ்வொரு இலையாகப் படர்ந்தது, பாருங்கள். இலை, குலை, எல்லாம் நிழலாக. பெண்கள் குலவை போட்டார்கள். நாதஸ்வரக்காரருக்கு உயிர் வந்தது. வைத்திலிங்கம் மாமா வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைத்தது எங்கள் அக்கா. முதலில் நுழைந்த வெளிச்சம் ஆக்னஸின் பெரியப்பா குடித்துப் போட்ட பிராந்தி பாட்டில்.

நான் அப்போதே சொல்லப் போனேன். சத்தியமாகப் போனேன். "மாமா, அந்தப் பாட்டில் வந்து..."

"பாட்டில்ல என்னம்மா இருக்கு? உள்ள என்ன இருக்குங்கறதுதான் முக்கியம்!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அத்தையிடம் போனேன், அதாவது அக்காவின் மாமியாரிடம். அவர் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். "அத்தை, இது முன்னாடி வேற ஒண்ணுக்கு..." "முன்னாடி என்னவா இருந்தா என்ன கண்ணு, இப்ப மகாலட்சுமி" என்றார். பூஜை அறையில் நடுவில் வைத்துவிட்டார்கள். பிள்ளையாருக்கு வலது பக்கம். வெள்ளிக்கிழமைதோறும் மல்லிகைச் சரம் வேறு.

பாண்டிச்சேரி வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, அந்தப் பாட்டில்ல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியுமா" என்று ஆரம்பித்தால், "இரு லேபிள், ஸ்பீக்கர்ல போடறேன், எல்லாரும் இருக்காங்க" என்றாள். நான் வைத்துவிட்டேன்.

கடைசியில் அப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு நம்புவா அரசி? பாண்டிச்சேரி ரூம்மேட்டு, அவ பெரியப்பான்னு நீ சொல்லுவ. தனகோட்டி வீட்டுலருந்து பிராந்தி பாட்டிலு வந்துச்சாம்னுதான் அவங்களுக்குக் கேக்கும். நான் கை வெந்தது வீணாப் போயிடும். வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் திறக்காமல் இருப்பது பொய்யா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். எனக்கு ராத்திரியெல்லாம் அந்த நீல வெளிச்சம்தான். இதில் மாமா வேறு மாதாமாதம் என்னைப் பார்க்கப் பாண்டிச்சேரி வருவார். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வேண்டுமாம், கடலூரில் கிடைக்காதாம். வந்தால் எனக்கு ஒரு தூக்கு நிறைய முறுக்கு. "நம்ம விளக்கு நல்லா எரியுதும்மா" என்பார். நான் எடுத்த முறுக்கைத் தூக்கிலேயே திரும்பப் போட்டுவிடுவேன். "மருந்துக் கடைக்கு நானும் வரேன் மாமா, எங்க கம்பெனில சொன்னா வாங்கித் தரவே செய்வாங்க, பேர் என்ன?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். அவருக்குப் பெயர் மறந்துவிடும். "வெயில்ல நீ எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே போவார். வயதானவர், கண் தெரியாமல் தனியாகப் போகிறாரே என்று வருத்தமாக இருக்கும். மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். அவ்வளவு ஜாக்கிரதையான மனிதர். மருந்து பாட்டிலும் கண்ணாடிதானே.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? இன்னும் சிரிப்பான இடமே வரவில்லை.

அக்காவுக்கு வளைகாப்பு வந்தது. தை மாதம். கூடம் நிறைய ஆட்கள். என் விளக்கை மனைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், வாசல் தாண்டி வந்த ராசியான விளக்கு என்று. அக்காவுக்கு நலங்கு வைக்கிறார்கள். வளையல் போடுகிறார்கள். என்னால் முடியவில்லை. நாளை ஒரு குழந்தை பிறந்து இந்த விளக்கைப் பார்த்துத்தான் கண் திறக்கப் போகிறது. பொய்யான வெளிச்சத்திலா? ஆரத்தி எடுத்து, எல்லோரும் சாப்பிடப் பந்திக்குப் போன பிறகு, மாமா முன்னால் போய் நின்றேன். அப்பா தூரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டுகிறார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"மாமா, மன்னிச்சிடுங்க. எங்க அப்பாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த விளக்கு... இது பிராந்தி பாட்டில்."

அத்தை கையிலிருந்த வெற்றிலைத் தட்டு அப்படியே நின்றது. அக்கா மனையிலிருந்தே என்னைப் பார்த்து முறைத்தாள். அப்பா ஓடிவந்து பக்கத்தில் நின்றுகொண்டார், கையை முன்னால் கட்டிக்கொண்டு. அந்த வெந்த உள்ளங்கை வெளியே தெரிகிற மாதிரி.

மாமா விளக்கைக் கையில் எடுத்தார். திருப்பினார். அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். கழுத்தைச் சுற்றிப் பார்த்தார். தக்கையைக் கொஞ்சம் நகர்த்தி விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்து, நான் ஏதோ தப்புக் கணக்குப் போட்ட பிள்ளை மாதிரி, தலையை ஆட்டினார்.

"இதயா பிராந்தி பாட்டில்ங்கற? யாரும்மா சொன்னது? பிராந்தி பாட்டிலுக்குக் கழுத்து இவ்ளோ அகலமாவா இருக்கும்? இதுல ஊத்துனா குபுக்குனு கொட்டிடாதா? அதுக்கெல்லாம் கழுத்துக்குள்ள ஒரு அடைப்பு வச்சிருப்பான், கோலி மாதிரி. சொட்டுச் சொட்டாத்தான் வரும். தோள் இப்படிச் சரியாது, நல்லா கட்டமா நிக்கும், கைக்கு அடக்கமா. அடியில ஒரு குழி இருக்கும், கட்டைவிரல் பொருந்தற மாதிரி. இதுல குழி எங்க? தட்டையா கெடக்கு! இது சர்பத்து பாட்டிலும்மா. புள்ளைங்க குடிக்கிற சர்பத்து."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எதிரியை ஒழிக்க வேண்டுமென்றால் எதிரியை எவ்வளவு தெரிந்து வைத்திருக்க வேண்டும் பாருங்கள்! அந்தப் போராட்டத்துக்காக எவ்வளவு படித்திருப்பார்! நான் சொன்னேன்: "மாமா, நீங்க எங்க கம்பெனில இருக்க வேண்டியவங்க."

அத்தை தட்டை வைத்துவிட்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வளையல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு ஒன்பதாவது மாதம், வாந்தி வருகிறதோ என்று நான் பயந்துபோனேன்.

அப்போதுதான் எங்கள் அப்பா, மோர்கூட நடுக்கூடத்தில் நின்று குடிக்கிற எங்கள் அப்பா, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"சம்பந்தி, வீட்ல கற்பூரம் இருக்குதுங்களா?"

எதற்குக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆரத்திதான் முடிந்துவிட்டதே. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு திடீரென்று ஒரு சிரிப்பு, இருமல் வருகிறவரைக்கும் சிரிப்பு. "அடப்பாவி தனகோட்டி!" என்று அப்பாவின் தோளில் கை போட்டார். கல்யாணம் ஆகி இத்தனை நாளில் மாமா அப்பாவைத் தொட்டது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் பூஜை அறைக்குள் போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்து ஒரே இலையில் சாப்பிடாத குறைதான், அடுத்தடுத்து உட்கார்ந்து, "சம்பந்திக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் போடு" என்று ஒருத்தருக்கொருத்தர் உபசாரம். அப்பா அந்த வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். மாமா இடது கையால் தண்ணீர் குடித்தார். வலது கையில் பாயசப் பாத்திரம் சுட்டுவிட்டதாம். அத்தை மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டார். போடும்போது அவருக்கும் ஒரே சிரிப்பு. கை வெந்தால் சிரிக்கிற குடும்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. பாண்டிச்சேரிக்குத் திரும்பியதும் ஆக்னஸைக் கூட்டிக்கொண்டு அவள் பெரியம்மாவிடமே போய்க் கேட்டுவிட்டேன். "பிராந்தியா? அந்த மனுஷன் ஜின்ஜர் பீருக்கே தலை சுத்துதும்பார். அது திராட்சை சர்பத்து. பசங்களுக்காக வாங்குனது" என்றார். மாமா சொன்னது அப்படியே சரி.

இதோ கன்னியக்கோயில் வந்துவிட்டது. அப்படியானால் பையில் இருப்பது எது என்றுதானே கேட்கிறீர்கள்? அதுதான் சொல்ல வந்தேன்.

வளைகாப்பு முடிந்த கொஞ்ச நாளில் மாமா கடைசித் தடவையாகப் பாண்டிச்சேரி வந்தார். கண் சரியாகிவிட்டதாம், இனி சொட்டு மருந்து வேண்டாமாம். நல்ல செய்திதானே? ஆனால் முகம் கொஞ்சம் வாட்டமாகத்தான் இருந்தது. முறுக்குத் தூக்கோடு ஒரு துணிப்பையும் கொடுத்தார். உள்ளே செய்தித்தாள் சுற்றிய பாட்டில். கட்டமான தோள், கழுத்துக்குள் அடைப்பு, அடியில் குழி. அவர் சொன்ன அத்தனை லட்சணமும் இருந்தது.

"இதாம்மா நெஜமான பிராந்தி பாட்டில். போராட்டத்தப்ப கடை வாசல்லேந்து எடுத்தது. சாட்சிக்காகப் பரண்ல வச்சிருந்தேன்" என்றார். பாட்டிலை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். "இனிமே இதுக்கு வேல இல்ல. நீ இதையும் விளக்காப் பண்ணிக் குடுத்துடு. பேரப் புள்ள தொட்டில் பக்கத்துல வைக்கலாம்."

"சாட்சியை ஏன் மாமா குடுக்கறீங்க?" என்றேன்.

"வெளக்கா எரிஞ்சாலும் சாட்சிதாம்மா" என்றார். பெரிய மனிதர்கள் பேசுவது இப்படித்தான் இருக்கும்.

அதே மாதிரி அரிசி போட்டுக் குலுக்கி, காயவைத்து, ஈரம் இழுக்கிற பை போட்டு, எல்லாம் செய்தேன். கண்ணாடி பழுப்பு நிறம், எரிந்தால் தேன் மாதிரி இருக்கிறது. அக்காவிடம் போனில் சொன்னேன். "லேபிளக் கிழிச்சிட்டியா லேபிள்?" என்று கேட்டாள். ஊறவைத்து எடுத்துவிட்டேன் என்றேன். "எடுக்கறதுக்கு முன்னாடி படிச்சியா?" என்றாள். படிக்காமல் இருப்பேனா என்றேன். அந்தப் பக்கம் அத்தையும் அவளும் சிரித்த சிரிப்பில் போனே கீழே விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி பக்கம் என்று பிரசவத்துக்கு அக்கா மாமா வீட்டிலேயே இருந்துவிட்டாள். நேற்றுக் காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே வந்திருக்கிறார்கள். ஆண் குழந்தை. அப்பா முந்தாநாளே போய்விட்டார். தொட்டிலைக் கட்டியது அவரும் மாமாவுமாம்.

செக்போஸ்ட் வந்துவிட்டது. போலீஸ்காரர் ஏறுகிறார் பாருங்கள்.

சார்! சார், இங்கே! என் பையில பிராந்தி பாட்டில் இருக்குங்க சார். காலி. விளக்கு. கழுவிட்டேன். இதோ ஸ்விட்ச். எரியுது பாருங்க சார். வைத்திலிங்கம் மாமா வீட்டுக்குக் கொண்டுபோறேன், அவர் பேரனுக்கு...

போய்விட்டார். பார்த்தீர்களா அக்கா, மாமா பெயரைச் சொன்னதும் எவ்வளவு மரியாதை! "ஐயாவ கேட்டதா சொல்லும்மா. மாசா மாசம் இந்த வழியாத்தான் மருந்து வாங்கிட்டுப் போவாரு, இப்பல்லாம் ஆளையே காணோமே" என்று எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார். கண் சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், பதற்றத்தில் மறந்துவிட்டேன்.

நீங்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். எல்லோருமே இந்தக் கதைக்குச் சிரிக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஒன்று மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மாமாவிடம் கேட்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. லேபிளை ஊறவைப்பதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் வரிசையாகப் படித்தேன். பெயர் இருந்தது. பேட்ச் எண் இருந்தது. போராட்டம் நடந்தது நான் எட்டாவது படிக்கும்போது. தயாரித்த மாதம் என்று போட்டிருந்தது போன அக்டோபர். அதாவது கிரகப்பிரவேசத்துக்கும் அப்புறம். அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன், எங்கள் கம்பெனியிலும் நடக்கும். அதனால் பேட்ச் எண்ணையும் வைத்துச் சரிபார்த்தேன், அதிலும் மாதம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு தடவை பார்த்தேன்.

அக்டோபர்தான் அக்கா.